சோகப் பாட்டுக்கு ஒரு வரப்பு

பழைய வட ஆற்காட்டு ஊர்களில் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா நடக்கும். கடைசி நாள் காலை, பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளம். களிமண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். தொடையில் அடி விழுந்ததும் ஒப்பாரி எழும். கண் கலங்கி நின்ற கூட்டம்தான் சாயங்காலம் தீமிதிக்கும் வரும். சாவது யார், எப்போது முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். துக்கத்துக்கு வரப்பு கட்டியிருப்பதால் அழுகையில் சுகம் இருக்கிறது. வீட்டில் சோகப் பாட்டு கேட்கும்போதும் அந்த வரப்பு வேண்டும்.

சோகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் விரலால் பாருங்கள். ஆர்மோனியமோ கைபேசிக் கீபோர்டோ போதும். ஒன்றாம் கட்டையில் (C) ச வைத்து, அதிலிருந்து எண்ணி வெள்ளைக் கட்டைகளில் 1, 2, 3, 5, 6 வாசித்தால் மோகன ராகம். மூன்றாவதை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கக் கறுப்பை அழுத்துங்கள்: சிவரஞ்சனி. மாறியது காந்தாரம் (க) ஒன்றுதான், முகமே வாடிவிடும். வேகமாக வாசித்தால் பாதி சோகம் போய்விடும்; நிறுத்தி, இழுத்து வாசிக்கவும்.

பாட்டு தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேற்று நடந்த சண்டையையே சொல்லும் வரிகள் வேண்டாம், அது புண்ணில் உப்பு. அயலான் துக்கம், அல்லது பத்து வருஷத்துக்கு முந்தைய பாட்டு நல்லது. 2014-இல் 772 பேரிடம் நடந்த இணையக் கருத்தெடுப்பில், சோக இசை கிளப்புவதாக அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை.

ஐந்து பாட்டு, இருபத்தைந்து நிமிஷம். அதிகம் அழவைப்பது மூன்றாவதாக வரட்டும். கடைசியில் வார்த்தையில்லாத நாதஸ்வரமோ தாலாட்டோ. ஆட்டோபிளேயை அணைக்க மறக்காதீர்கள். செயலிக்கு மங்களம் பாடத் தெரியாது, விடிய விடிய அதே ரகத்தை ஊற்றும். நடுராத்திரிப் படுக்கையும் ஹெட்போனும் சேரவே கூடாது. வேலூர் வெயில் தணிந்த பின் மொட்டை மாடி போதும்.

தொண்டை இளகி மூச்சு நீண்டால் சரியாகக் கேட்கிறீர்கள். பழைய சண்டையின் வசனமே மனசில் ஓடினால் காதில் பாட்டு விழவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போயிருந்தால் பாட்டு மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள்.

படுகளத்துக்கே போவதானால் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி, முகவீணை (சிறு நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) வாசிப்பவர் பக்கமாக நில்லுங்கள்.