சிமுலேட்டர் பயிற்சி முடிஞ்சதும் பயலுககிட்ட என்ன கேக்கணும், எப்டி கேக்கணும்?

மதுரையைச் சுத்தி திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமெல்லாம் பட்டாளத்துல சேரணும்னு விடியகாலைலயே ஓடுற பயலுக நிறைய. என்.சி.சி.லயும் பல இடத்துல நெஜ பாயிண்ட் 22 ரைபிள தொடுறதுக்கு முன்னாடி திரையில சுட்டுப் பழகுற சிமுலேட்டர் வந்துருச்சு. முடிச்சு வந்ததும் "எப்படிப்பா இருந்துச்சு"ண்டு கேட்டா "சூப்பர் சார்"ம்பாய்ங்க, அத வச்சு ஒண்ணுமே திருத்த முடியாது. புதுசா பயிற்சி குடுக்க வர்றவங்களுக்காக நான் செய்யுற முறைய சொல்றேன்.

ஸ்டெப் 1: எத அளக்குறோம்ண்டு தெளிவா இருங்க. பயிற்சிய மதிப்பிடுறதுக்கு கிர்க்பாட்ரிக்ங்கறவரு 1959ல சொன்ன நாலு படில (அபிப்பிராயம், கத்துக்கிட்டது, வேலைல செய்யுறது, பலன்) பயலுககிட்ட நாம கேக்குற இந்தக் கேள்வி முதல் படி மட்டும்தான். பயலுக சந்தோசமா இருந்தா குறி பாக்க கத்துக்கிட்டாய்ங்கண்டு அர்த்தமில்ல, அதுக்கு டார்கெட் பேப்பரத்தான் பாக்கணும்.

ஸ்டெப் 2: உடம்ப கேளுங்க. தலவலி, குமட்டல், கண்ணு சோர்வு, கிறுகிறுப்பு மாதிரி 16 விஷயத்துக்கு 0லேர்ந்து 3 வரைக்கும் போடுற கேள்வித்தாள் 1993லயே வந்துருச்சு. சிமுலேட்டருக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ கேளுங்க, ஏன்னா காலைல சாப்பிடாம வந்த பயலுக்கு ஏற்கனவே தல சுத்தும், பழிய மெஷின் மேல போடக்கூடாது. கிறுகிறுப்புண்டு சொன்னவன பைக் எடுக்க விடாதீங்க, கொஞ்ச நேரம் உக்கார வைங்க.

ஸ்டெப் 3: "புடிச்சுதா"வையும் "பிரயோஜனமா"வையும் தனித்தனியா கேளுங்க. அலிகர்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 1997ல பழைய ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப, பிரயோஜனம்ங்கற பதிலுக்குத்தான் அப்புறம் வேலைல அத செய்யுறதோட கூடுதல் சம்பந்தம் தெரிஞ்சுது. "நெஜத் துப்பாக்கி மாதிரி இருந்துச்சா"ங்கற கேள்விய மட்டும் எல்லார்கிட்டயும் கேக்காதீங்க. நெஜத்த தொட்டே பாக்காத பய எத வச்சு சொல்லுவான்? ஏற்கனவே ரேஞ்சுல (நெஜத் துப்பாக்கில சுட்டுப் பழகுற எடம்) சுட்டவங்ககிட்ட ட்ரிக்கர் கனம், தோள்ல ஒதைக்கிறது, சத்தம்ண்டு பிரிச்சு கேளுங்க. புதுப் பயலுககிட்ட ரேஞ்சுக்குப் போயிட்டு வந்தப்புறம் கேளுங்க, அப்பத்தான் "சார், சிமுலேட்டர்ல ஒதைக்கவே இல்ல, ரேஞ்சுல லேசா தோள்ல தட்டுது"ண்டு உண்மை வரும்.

ஸ்டெப் 4: "புடிச்சுதா", "பிரயோஜனமா"ண்டு கேக்குற தாள்ல பேரு வேணாம். ஆரம்பத்துல நான் பேரு, ரெஜிமென்டல் நம்பரோட எழுதச் சொல்லி பக்கத்துலயே நின்னேன், அத்தன பேரும் அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டாய்ங்க. இப்ப தாள மடிச்சு பெட்டில போடச் சொல்லிட்டு வெளிய போயிடுறேன்.

ஸ்டெப் 5: சராசரிய மட்டும் பாக்காதீங்க. 20 பேர்ல 10 பேர் 5, 10 பேர் 1 போட்டாலும் சராசரி 3தான், எல்லாரும் 3 போட்டாலும் 3தான். எந்த நம்பர எத்தன பேர் போட்டாங்கண்டு எண்ணுங்க.

ஸ்டெப் 6: வந்த குறைய சரி பண்ணி, பண்ணத அவங்ககிட்டயே சொல்லுங்க. ஒரு தாள்ல "கண்ணாடி போட்டுக்கிட்டு படுத்து சுடும்போது திரை மேல லைட் அடிக்குது, புள்ளி தெரியல"ண்டு எழுதியிருந்துச்சு. ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டிட்டு எல்லார்கிட்டயும் சொன்னேன், அடுத்த தடவ தாள்ல பின்பக்கமும் எழுதியிருந்தாங்க.