தாள் ஓவியத்துக்கு வீட்டிலேயே மவுண்ட் வெட்டி பிரேம் போடுவது எப்படி?

வேலூர் கோட்டை அகழியைப் பார்த்து என் மகள் வரைந்த வாட்டர்கலர் படத்தை முதலில் ஒரு கடையில்தான் கொடுத்தேன். கண்ணாடியை நேராகப் படத்தின்மேல் வைத்து, பின்னால் நாலு பக்கமும் செலோடேப் ஒட்டித் தந்தார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் தாள் அப்பளமாக நெளிந்து, ஒரு மூலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். சுற்றிலும் ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் நெளியும். மவுண்ட் என்பது படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டிய தடித்த அட்டை. கண்ணாடி தாளைத் தொடாமல் சந்து விடுவதுதான் அதன் வேலை; அழகெல்லாம் அப்புறம்.

கடையில் ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை நாளாக ஆகப் பழுத்து, படத்தையும் கறையாக்கும். பிரேமையும் 2 மி.மீ. கண்ணாடியையும் அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடலாம். பிரேம் மரச்சட்டத்தை 45 டிகிரியில் அறுக்க வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

அளவுதான் முக்கியம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. மறையவேண்டும் என்பதால் ஜன்னல் 200 × 287. (ஓரத்தில் கையெழுத்து இருந்தால் மறைந்துவிடும், முதலில் பாருங்கள்.) மேலேயும் பக்கங்களிலும் 60, கீழே 70 விட்டால் போர்டு 320 × 417. கீழே கூடுதலாக விடாவிட்டால் படம் சரிந்து இறங்கியதுபோலத் தெரியும். பிரேமின் உள்ளளவு 2 மி.மீ. கூட இருக்கட்டும். இந்தக் கணக்கை இருமுறை கூட்டிப் பாருங்கள்; நான் ஒரு முழு போர்டைத் தொலைத்தது கூட்டலில்தான்.

போர்டின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் மூலை பிய்யும். சாய்வு விளிம்புக்குத் தனிக் கட்டர் வேண்டும். தொடக்கத்தில் நேர்வெட்டே போதும்.

அதே அளவில் இன்னொரு போர்டு எடுத்து, இரண்டையும் மேல் ஓரத்தில் டேப்பால் புத்தகம்போல இணையுங்கள். படத்தை உள்ளே வைத்து ஜன்னலுக்குச் சரிசெய்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கீல் போடுங்கள். மெல்லிய ஜப்பானியத் தாளில் சிறு துண்டு: பாதி படத்தின் முதுகில், மீதி பின்போர்டில். அதன் குறுக்கே போர்டோடு சேர்த்து இன்னொரு துண்டு ஒட்டினால் பிடி நிற்கும். பசைக்கு, அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கிறோமே, அதில் அடியில் தங்கும் மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சுங்கள். பின்னாளில் படத்தைப் பிரிக்க நினைத்தால், இந்தப் பசை ஈரம் காட்டினாலே விட்டுவிடும். கெட்டியாக, துளி மட்டும் தடவுங்கள். நீர்த்துப்போனால் வண்ணம் கசியும். காயும்வரை மேலே தடித்த புத்தகம்.

இனி எளிது. துடைத்த கண்ணாடி, மவுண்ட், ஹார்ட்போர்டு என்று அடுக்கிச் சிறு ஆணி அடியுங்கள். பின்பக்க இடுக்குகளை பேப்பர் டேப்பால் மூடினால் இராமபாணப் பூச்சி நுழையாது.

நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், வண்ணம் வெளுக்கும். பிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டி மாட்டுங்கள். மழைக்காலச் சுவரின் ஈரம் பலகையில் ஏறாமல் நடுவே காற்றுப் போகும்.