மெட்டி பத்துது, கொலுசு மட்டும் பத்தலையா? லிப்பிடிமாவா இருக்கலாம், பாருங்க

சேலம் செவ்வாப்பேட்டையில வெள்ளி பட்டறை வெச்சிருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டவ நான், ஆனா என் கால்ல கொலுசு கிடையாது. 10 இன்ச் போட்டுட்டு இருந்தது 11 ஆச்சு, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் 12லயும் கொக்கி எட்டலை. ஆனா மெட்டி மட்டும் கல்யாணத்தன்னிக்கு போட்டது அப்படியே இருக்கு, செருப்பு சைஸும் மாறலை. எல்லாரும் குண்டாயிட்டேன்னாங்க, நானும் நம்பி ராத்திரி சோத்தை விட்டேன், முகம் ஒட்டிப்போச்சு, ஜாக்கெட் லூசாச்சு, காலு அப்படியேதான் இருந்துச்சு. பாதம் மட்டும் ஏன் ஒல்லியாவே இருக்குன்னு யாருக்கும் கேக்கத் தோணலை, எனக்கும்தான்.

லிப்பிடிமாங்கிறது தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல வர்ற நோய்ங்க. கிட்டத்தட்ட பொம்பளைங்களுக்கு மட்டும்தான் வருது, வயசுக்கு வர்றப்போ, பிரசவம், மாதவிடாய் நிக்கிற சமயம்னு ஹார்மோன் மாறுற நேரமா பாத்து ஆரம்பிக்கும் இல்ல கூடும். அம்மா வழியிலயோ அத்தை வழியிலயோ இதே மாதிரி காலு இருந்திருக்கும், 'எங்க வம்சத்து காலு'ன்னு சொல்லிக்குவாங்க. புது நோய்னு நினைக்காதீங்க, 1940லயே அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஆலன், ஹைன்ஸ்னு ரெண்டு டாக்டருங்க இதை எழுதி வெச்சிட்டாங்க.

வீட்டுல எப்படி பாக்கறது? கண்ணாடி முன்னாடி நில்லுங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி, இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் பருமனா இருந்து, கொலுசு போடற இடத்துல கோடு கிழிச்ச மாதிரி டக்குனு நின்னுடும், பாதத்துக்கு இறங்காது. சில பேருக்கு கையிலயும் இதே கதை, வளையல் இடத்துல நின்னுடும். அடுத்தது வலி. 'கால் மேல ஏறி மிதிடா கண்ணு'ன்னு புள்ளைங்கள கூப்புடுவோமே, அப்போ சுகமா இருக்காம உயிர் போற மாதிரி வலிக்குதா, கட்டில் முனையில லேசா இடிச்சதுக்கே நீலமா கன்னிப்போகுதா, சாயங்காலம் காலு கல்லு கட்டுன மாதிரி கனக்குதா, குறிச்சி வெச்சிக்கோங்க.

நம்ம ஊர்ல கால் பெருத்தாலே யானைக்கால்னு முடிவு கட்டிடுவாங்க, என் மாமியாரும் அப்படித்தான் பயந்தாங்க. யானைக்கால் கொசு மூலமா வர்ற புழுவால வர்றது, நிணநீர் (ரத்தக்குழாய் மாதிரி தனிக் குழாய்ல ஓடற நீர்) ஓட்டத்தை கெடுக்கும், பெரும்பாலும் ஒரு காலு இன்னொன்ன விட பெருசா இருக்கும், பாதமும் வீங்கும். மெட்டி போடற விரலோட அடியில, மேல் பக்கத்து தோலை ரெண்டு விரலால கிள்ளி தூக்கிப் பாருங்க. மடிப்பா தூக்க வந்தா லிப்பிடிமா பக்கம், தடிச்சிப்போயி தூக்கவே வரலைன்னா நிணநீர் வீக்கம். இது ஒரு குறிப்புதான், ரொம்ப வருஷம் கவனிக்காம விட்ட லிப்பிடிமாவுலயும் நிணநீர் வீக்கம் சேந்துக்கும், அதனால இதை வெச்சே நீங்களா தீர்ப்பு சொல்லிக்காதீங்க.

ஒரே ஒரு காலு திடீர்னு வீங்கி, சூடா இருந்து வலிச்சா, இல்ல செவந்து காய்ச்சல் வந்தா, அது வேற விஷயம். ரத்தக்கட்டியோ கிருமியோ இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.

டாக்டர்கிட்ட போறது எப்படின்னு தனியா சொல்லணும், ஏன்னா நான் முதல்ல பாத்தவரு காலைத் தொட்டுக்கூட பாக்காம 'சோறு குறைம்மா'ன்னு அனுப்பி வெச்சாரு. இதுக்குன்னு ரத்த டெஸ்ட்டு கிடையாது, தொட்டுப் பாத்து, கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். அதனால வாஸ்குலர் (ரத்தக்குழாய்) இல்ல பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி எங்க இருக்குன்னு விசாரிச்சிட்டு போங்க. முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல போட்டோ, பழைய போட்டோ ஒண்ணு, எப்போ ஆரம்பிச்சதுன்னு ஒரு சீட்டு எடுத்துட்டுப் போங்க. தைராய்டு, கிட்னி, ஹார்ட், ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், இதெல்லாம் எழுதுவாங்க, வேற காரணம் இல்லைன்னு தெரிஞ்சிக்கத்தான், எடுத்துடுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய் பட்டியல்ல இதுக்கு ஈஎஃப்02.2ன்னு தனி நம்பரே இருக்கு, சீட்டுல அந்த பேரை எழுதி வாங்குங்க. நீர் பிரியற மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க, அது தண்ணியத்தான் இறக்கும், கொழுப்பை அசைக்காது, உடம்புல உப்பு சத்து குறைஞ்சி தலைசுத்துறதுதான் மிச்சம்.

இப்போ ஸ்டாக்கிங், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கிற அழுத்த காலுறை. தினமும் கைகொடுக்கிறது இதுதான், ஆனா கொழுப்பை கரைக்கும்னு நினைச்சி வாங்காதீங்க, வலியும் கனமும் குறையும், அவ்வளவுதான், எனக்கு அதுவே பெருசு. கடையில எஸ், எம், எல்னு தொங்கற மெல்லிசு சாக்ஸ் மடிப்புல போய் வெட்டும். பின்னாடி தையல் தெரியற தட்டை நெசவுல, அளவு குடுத்து செய்யறதுதான் இந்த காலுக்கு சரி. நிறைய பேருக்கு கிளாஸ் 2 எழுதுவாங்க, அதாவது 23-32 எம்எம் மெர்குரி அழுத்தம். அளவை காலையில எந்திரிச்ச உடனே எடுக்கச் சொல்லுங்க, சாயங்காலம் எடுத்தா வீக்கத்தோட சேத்து லூசாயிடும் (நான் முதல் ஜோடி அப்படித்தான் வீணாக்குனேன்). சுகர் இருக்கறவங்க, கால்ல ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க, ஹார்ட் பிரச்சனை உள்ளவங்க டாக்டரை கேக்காம போடவே கூடாது. விரல் நீலமாச்சு, மரத்துச்சுன்னா உடனே கழட்டுங்க.

மாட்டறதுக்கு பாத்திரம் கழுவற ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோங்க, வழுக்காது, நகமும் கிழிக்காது. மெட்டி கழட்ட மாட்டேன்னா விரல் திறந்த மாடல் கேளுங்க. ரெண்டு ஜோடி வேணும், தினமும் லேசான சோப்புல கையால அலசி, முறுக்காம துண்டுல சுருட்டி அமுக்கி, நிழல்ல காயப்போடணும், 6 மாசத்துல இழுவை போயிடும்.

சேலத்து வெயில்ல இதை எப்படி போடறதுன்னுதானே கேக்கறீங்க? ஏப்ரல், மே மாசம் 40 டிகிரியில முழு நாள் என்னால முடியலைங்க. காலையில 6ல இருந்து 11 வரைக்கும், பட்டறையில உக்காந்து வேலை செய்யற நேரம் மட்டும் போடறேன், மேல ஸ்ப்ரேயில தண்ணி அடிச்சிக்குவேன். ஏற்காட்டுல நாத்தனார் வீட்டுக்கு போனப்போ குளுருக்கு நாள் பூரா போட்டிருந்தேன், 20 கொண்டை ஊசி வளைவையும் காலை தொங்கப்போட்டுட்டு பஸ்ல போயும் கால் கனக்கலை.

உடம்பை அசைக்கணும், ஆனா குதிக்கிற வேலை வேண்டாம். நடை, சைக்கிள் நல்லது, தண்ணிக்குள்ள நடக்கறது எல்லாத்தையும் விட நல்லது, தண்ணியோட அழுத்தமே ஸ்டாக்கிங் வேலையை பாத்துடும். அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலை தூக்கித் தூக்கி இறக்குங்க, கெண்டைக்கால் தசை சுருங்குறதுதான் நீரை மேல தள்ளும். எண்ணெய் போட்டு இறுக்கி உருவி விடற மசாஜ் கூடவே கூடாது, கன்னிப்போயிடும். நிணநீர் மசாஜ்னு பிசியோதெரபியில மயிலிறகு மாதிரி தடவுவாங்க, அது வேற.

சாப்பாட்டால இந்த கொழுப்பு போகாது, ஆனா மேல மேல எடை ஏறுனா முட்டி தாங்காது. அரிசி, ஜவ்வரிசி, சக்கரை குறைச்சி முட்டை, கொள்ளு, சுண்டல் கூட்டுனதுல எனக்கு வலி கொஞ்சம் மட்டுப்பட்டுச்சு. தட்டுவடை செட்டை விடலை, விடவும் மாட்டேன்.

கொழுப்பை நிஜமாவே குழாய் விட்டு உறிஞ்சி வெளிய எடுக்கறது லைப்போசக்‌ஷன்தான். நிணநீர் குழாய் கெடாம செஞ்சு பழகுன சர்ஜனா இருக்கணும், பல தடவையா பிரிச்சி செய்வாங்க, செஞ்ச பிறகும் ஸ்டாக்கிங் உண்டு, செலவும் பெருசு. இன்சூரன்ஸ்ல அழகு ஆபரேஷன்னு தள்ளிடாம இருக்க முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

அப்புறம் கொலுசு. 13 இன்ச்சுல ஒண்ணு, கொக்கி பக்கம் 3 வளையம் சேத்து எங்க பட்டறையிலயே செஞ்சிக்கிட்டேன். ஸ்டாக்கிங் மேல போட்டா நூலை இழுத்துடும்னு விசேஷத்துக்கு மட்டும்தான். நீங்க ஆர்டர் குடுக்கறதா இருந்தா அந்த அளவை சாயங்காலம் எடுங்க.