கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் போல்ட் பதித்தல்: உலோகம், பசை, துளை

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் ரெய்லே, டோன்சாய் பாறைகளில், பாறை ஏறுபவர்கள் விழாமல் கயிறு மாட்டிக்கொள்ள, முதலில் எவர்சில்வர் போல்ட்டுகள்தான் அடிக்கப்பட்டன. கடல் உப்பைத் தாங்கும் என்று பெயரெடுத்த 316 தரம்கூட அங்கே சில வருடங்களில் முறிந்தது. உப்பிலுள்ள குளோரைடு, வெப்பம், ஈரம், உலோகத்துக்குள் நிற்கும் இழுவிசை எல்லாம் சேரும்போது மயிரிழை விரிசல் ஓடுகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே பாதி அறுந்திருக்கும். நட்டை முறுக்கித் துளைக்குள் விரியவைத்துப் பிடிக்கவைக்கும் விரிபோல்ட்டில் இழுவிசை எப்போதும் இருப்பதால், அதைக் கடலோரத்தில் அடிக்கவே வேண்டாம்.

இங்கே சரியான தேர்வு, ஒரே துண்டாகச் செய்த, பசையில் பதியும் டைட்டானியம் போல்ட். பாறையேற்ற போல்ட்டுகளுக்கான ஐரோப்பிய ஈ.என். 959 தரநிலைப்படி பக்கவாட்டில் 25 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் தாங்குகிறதா என்று பாருங்கள். தண்டு வழவழப்பாக இருந்தால் வாங்காதீர்கள். பசை கவ்விப் பிடிக்க முறுக்கோ வெட்டுக்காடியோ வேண்டும். கடலை விட்டுத் தள்ளிய, வறண்ட கருங்கல்லுக்கு இந்தச் செலவு தேவையில்லை. 304 எவர்சில்வரில் 12 மி.மீ. விரிபோல்ட் போதும், கொக்கி மாட்ட அதில் பொருத்தும் தகடான ஹேங்கரும் அதே உலோகமாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய இரும்பு எங்குமே வேண்டாம்.

பசையில் பாலியெஸ்டரை ஒதுக்குங்கள். அது சுருங்கும், ஈரத்தில் பிடிமானம் குறையும். வினைல் எஸ்டர் சீக்கிரம் இறுகும். கடலோரத்துக்கு எங்கள் தேர்வு கட்டுமானத் தரத் தூய எபாக்ஸி. மெதுவாக இறுகினாலும் சுருக்கம் மிகக் குறைவு. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள்.

சுத்தியலால் தட்டி, கணீரென்று ஒலிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். விளிம்பிலிருந்தும் அடுத்த போல்ட்டிலிருந்தும் 20 செ.மீ.யாவது தள்ளி, பாறை முகத்துக்குச் செங்குத்தாகத் துளையிடுங்கள். 12 மி.மீ. தண்டுக்கு வழக்கமாக 14 மி.மீ. துளை, ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதி. போல்ட்டின் கண் (வெளியே நிற்கும் வளையம்) பாதி அமரத் துளையின் வாயில் சிறு பள்ளம் வெட்டினால் அது திரும்பாது.

பெரும்பாலான போல்ட்டுகள் கெடுவது அடுத்த கட்டத்தில்தான். துளைக்குள் மாவுபோலத் தூசி ஒட்டியிருந்தால் பசை பாறையைப் பிடிக்காது, அந்தத் தூசியைத்தான் பிடிக்கும். அடிவரை குழாய் விட்டு நான்கு முறை ஊதி, பிரஷ்ஷை முறுக்கித் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூசி வருவது நிற்கும்வரை விடாதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் இறங்கும். போல்ட்டை அசிட்டோனால் துடையுங்கள். முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம்.

பசைக் குழலான கார்ட்ரிட்ஜில், இரண்டு பாகப் பசையைக் கலந்து விடும் புது நாசில் போட்டதும், நிறம் சீராகும்வரை வரும் பசையை அட்டையில் விட்டுவிடுங்கள். கோடு கோடாக வந்தால் இரண்டு பாகமும் கலக்கவில்லை, அது ஒருநாளும் இறுகாது. நாசில் நுனியை அடியில் வைத்துப் பின்வாங்கிக்கொண்டே பாதிக்கு மேல் நிரப்புங்கள். இல்லாவிட்டால் காற்று சிக்கும். போல்ட்டை மெல்லச் சுழற்றி இறக்கும்போது வாயில் பசை சுற்றிலும் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் உருவியெடுத்து இன்னும் பசை விடுங்கள். கூரைபோல் தொங்கும் பாறையில், இறுகும்வரை டேப்பால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

முப்பது டிகிரி வெயிலில் கையாளக் கிடைப்பது கால் மணி நேரம்போல்தான்; எனவே துளைகளை முன்பே முடித்துவிட்டுக் கடைசியில் பசையைத் திறங்கள். இறுகும் நேரம் கார்ட்ரிட்ஜ் அட்டவணையில் இருக்கும், ஈரத் துளைக்கு அது கூடும். எப்படியானாலும் ஒரு நாள் கழித்தே எடை கொடுங்கள். அட்டையில் கடைசியாக விட்ட சீரான பசைத் துளியை நகத்தால் அழுத்துங்கள். பதிந்தால் அன்றைய போல்ட்டுகளைத் தொடாதீர்கள். பிறகு போல்ட்டின் கண்ணில் காரபினரை (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) மாட்டித் திருகுங்கள். மயிரளவு அசைந்தாலும் அதைக் கழற்றி வேறு இடத்தில் புதுத் துளை போடுங்கள். பாதை உச்சியில் இறங்குவதற்கான வளையமும் டைட்டானியமாகவே இருக்கட்டும்.