சிறு விமானத்தில் எல்லை தாண்டியபோது நடந்த தவறுகள்

2020 மார்ச்சுக்கு முன்பு, கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சொந்த விமானம் ஓட்டிப் போய்வருவது பெரிய காரியமில்லை. ரொறன்ரோ பக்கம் செஸ்னா என்ற சிறு விமானத்தில் கிளம்பினால் ஒன்ராறியோ ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்காவின் பஃபலோ போய்விடலாம். கொஞ்சம் படிவம், இரண்டு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். அப்புறம் கொரோனா வந்தது. 2022 அக்டோபர் 1 அன்று கனடா தன் கடைசிக் கொரோனா எல்லை விதியை விலக்கிக்கொள்ளும்வரை, இரண்டரை ஆண்டு விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்தக் காலத்தில் நல்ல விமானிகளே சறுக்கிய இடங்களை எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இன்னொரு தொற்று வந்தால் இதே குழிகள்தான் காத்திருக்கும். சில குழிகள் இன்றைக்கும் மூடப்படவில்லை.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான்: “இதெல்லாம் ஏர்லைனில் போகிறவர்களுக்கான விதி, நமக்கில்லை” என்ற எண்ணம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஜனவரி 26 முதல், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிற எல்லோரிடமும் கொரோனா இல்லை என்ற சோதனைச் சான்று கேட்டது. நான்கு இருக்கை விமானமும் அதில் அடக்கம். ஏர்லைனில் போனால் கவுன்டரில் இருப்பவர் சான்றைப் பார்த்து, தேதி தப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். சொந்த விமானத்தில் அந்தக் கவுன்டர் இல்லை. ஏறும் முன் ஒவ்வொருவரின் சான்றையும் சரிபார்க்கும் பொறுப்பு விமானத்தை இயக்குபவருடையது என்று ஆணை சொன்னது, அதாவது உங்களுடையது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் மைத்துனரே ஆனாலும் அவருடைய தாளை வாங்கிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். “நான் பைலட், விமானப் பணியாளருக்கான விலக்கு எனக்கும் உண்டு” என்று நம்பியவர்களும் இருந்தார்கள். அந்த விலக்கு வேலையாகப் பறக்கிறவர்களுக்கு. வார இறுதியில் ஆசைக்குப் பறக்கிறவருக்கு இல்லை.

அடுத்தது, ஒரு பக்கத்து விதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புவது. 2020 மார்ச் 21 அன்று இரு நாடுகளுக்கும் இடையிலான தரை எல்லை அவசியமற்ற பயணங்களுக்கு மூடப்பட்டது. ஆனால் அமெரிக்கா கனடியர்களுக்கு மூடியது தரைவழியை. வான்வழி திறந்தே இருந்தது. கனடாவோ அமெரிக்கர்களுக்கு எல்லா வழியையும் மூடியது. இதனால் கனடியர் ஒருவர் பறந்து போவது எளிது, திரும்பி வருவதுதான் பாடு: வீட்டில் 14 நாள் தனிமை, 2021 பிப்ரவரி 22 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு அரசு அங்கீகரித்த ஹோட்டலில் சொந்தச் செலவில் மூன்று இரவு வரை தங்கல். அந்த ஹோட்டலை மறுத்தவர்களுக்கான அபராதம் 2021 ஜூனில் 3,000 டாலரிலிருந்து 5,000 டாலராக ஏறியது. போவதற்கு முன் திரும்பி வரும் விதியைப் படிப்பதுதான் சரியான வரிசை.

இறங்கும் இடம் இன்னொரு சிக்கல். 2021 பிப்ரவரி 3 முதல் வெளிநாட்டிலிருந்து கனடாவுக்கு வரும் தனியார் விமானங்களும் ரொறன்ரோ பியர்சன், மொன்றியல், கல்கரி, வன்கூவர் என்ற நான்கே விமான நிலையங்களில்தான் இறங்கலாம் என்றானது. அமைதியான சிறு ஓடுபாதைக்குப் பழகியவர் பெரிய ஜெட்களின் நடுவே, முன்பதிவு செய்த நேரத்தில் பியர்சனில் வந்து இறங்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 9 அன்று இன்னும் ஐந்து நிலையங்கள் சேர்ந்தன, நவம்பர் 30 அன்று மேலும் எட்டு. போன மாதம் திறந்திருந்த இடம் என்ற நினைப்பை நம்பக் கூடாது. புறப்படும் நாளின் நோட்டமை, அதாவது விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பை, பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தந்தது கடிகாரம். கனடாவும் வருகிறவர்களிடம் சோதனைச் சான்று கேட்டது. பறப்பதற்கு எவ்வளவு நேரம் முன்புவரை எடுத்த சோதனை செல்லும் என்பதில், அமெரிக்கா முதலில் கேட்டது “மூன்று நாள்”. கனடா கேட்டது “72 மணி நேரம்”. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. செவ்வாய் காலை 8 மணிக்குச் சோதனை எடுத்தால், அமெரிக்கக் கணக்கில் வெள்ளி முழுவதும் செல்லும். கனடாவின் கணக்கில் வெள்ளி காலை 8 மணியோடு முடிந்தது. சோதனை வகையும் வேறு: அமெரிக்கா ஆன்டிஜென் என்ற விரைவுச் சோதனையையும் ஏற்றது, கனடா 2022 பிப்ரவரி 28 வரை பிசிஆர் போன்ற மூலக்கூறுச் சோதனையைத்தான் ஏற்றது. போகும்போது செல்லுபடியான மலிவான சோதனையையே திரும்பும்போதும் எடுத்தவர் மாட்டிக்கொண்டார்.

இதில் ஆபத்து அபராதம் மட்டுமில்லை. ஈரி ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் நடுவில் குளிர்காலத்தில் மேகம் எப்போது தாழும், பனி எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானிக்கு அங்கே ஒரே மருந்து காத்திருப்பதுதான். ஆனால் சான்று இன்னும் இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகப் போகிறது என்றால், மனசு வானத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எத்தனையோ விமானிகளைக் கொன்றிருக்கிறது. அதற்கு மேல் ஒரு அரசாங்கக் கெடுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: வானிலை கெட்டால் விமானத்தைக் கட்டிப் போட்டுவிட்டு அறை எடுத்துத் தங்குவேன், மறுபடி சோதனை எடுப்பேன். அந்தப் பணத்தைப் பயணச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

தடுப்பூசிக் கணக்கிலும் பலர் தவறினார்கள். முழுதாகத் தடுப்பூசி போட்டவர் என்று கனடா ஏற்க, கடைசி ஊசி போட்டு முழுதாக 14 நாள் கழிந்திருக்க வேண்டும். 14ஆவது நாளே கிளம்பியவர் ஒரு நாளில் தோற்றார். ஊரிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப் போக நினைத்த தமிழர்கள் கவனித்திருப்பார்கள்: கோவிஷீல்டைக் கனடா முன்பே ஏற்றது, கோவேக்சினை 2021 நவம்பர் 30 முதல்தான்.

கனடாவுக்குள் வருகிறவர்கள் பயண, சுகாதாரத் தகவல் தர வேண்டியிருந்த அரைவ்கேன் செயலியில் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டது இன்னொரு தவறு. செயலியே தவறும். 2022 கோடையில் தடுப்பூசி போட்ட 10,000க்கும் மேற்பட்டவர்களைத் தனிமையில் இருக்கச் சொல்லி அது தப்பாகச் செய்தி அனுப்பியது.

இந்தச் சுகாதாரத் தாள்களை அடுக்குவதிலேயே கவனம் போய், பழைய கடமைகளை மறந்தவர்களும் உண்டு. அவை இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அமெரிக்காவுக்குள் போக மட்டுமல்ல, அங்கிருந்து புறப்படவும் அமெரிக்க எல்லைத் துறையின் ஈ-ஏபிஸ் இணையதளத்தில் பயணிகள் பட்டியலை விமானம் கிளம்புவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு அனுப்ப வேண்டும். பட்டியல் அனுப்பியதே தரையிறங்கும் அனுமதி ஆகாது. இறங்கப் போகும் நிலையத்தின் எல்லை அலுவலகத்தைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். கனடாவுக்குத் திரும்பும்போது, வந்து சேர்வதற்கு 2 மணி நேரத்துக்கு முன்பாகவும் 48 மணி நேரத்துக்குள்ளாகவும் கனடா எல்லைத் துறையின் அறிவிப்பு மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். இறங்கியதும் மறுபடி அழையுங்கள். அவர்கள் அறிக்கை எண் தரும்வரை, அழைப்பதற்காக இறங்கும் விமானியைத் தவிர யாரும் விமானத்தை விட்டு இறங்கக் கூடாது, பின்னிருக்கையில் குழந்தை அழுதாலும்.