ரவுண்ட்ஸில் வாயை மூடக் கற்ற கதை

மும்பையில் ஒரு பொது மருத்துவமனையில் மெடிசின் வார்டு பார்க்கிறேன். ரவுண்ட்ஸில் மாணவர்கள் வாயே திறப்பதில்லை என்பது என் பழைய குறை. போன மழைக்காலத்தில் மாட்டுங்காவில் காபி குடிக்கும்போது, மேற்படிப்பு படிக்கும் திருநெல்வேலிக்காரப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தப்பா நினைக்காதீங்க சார். கேள்வி கேட்டதும் நீங்களே பதிலும் சொல்லிடறீங்க."

சுருக்கென்றது. ஆனால் மறுநாள் கவனித்துப் பார்த்தேன், உண்மைதான். இரண்டு விநாடிகூட நான் பொறுப்பதில்லை.

அப்புறம் 1992-இல் அமெரிக்காவில் வெளியான 'ஒன் மினிட் பிரிசெப்டர்' (ஒரு நிமிட ஆசான்) என்ற கற்பித்தல் முறையைத் தேடிப் படித்தேன். ஐந்து படிகள்: மாணவரை ஒரு முடிவைச் சொல்ல வைப்பது, எதை வைத்து என்று கேட்பது, ஒரு பொது விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததைக் குறிப்பிடுவது, தவறைத் திருத்துவது. எனக்கு முதல் இரண்டே பெரிய வேலை.

"நிமோனியா சார்" என்றாள் ஒரு மாணவி. வாய் வரை வந்த பதிலை விழுங்கி, மனதுக்குள் பத்து எண்ணினேன்.

"எதை வெச்சும்மா?"

"வலது பக்கம் கீழே தட்டினா மந்தமா இருக்கு."

"அது போதுமா?"

அவளே திரும்பிப் போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நோயாளியை "ஏக், தோன், தீன்" சொல்ல வைத்தாள். குரல் அமுங்கிக் கேட்டது. நிமோனியாவில் நுரையீரல் இறுகியிருந்தால் அது உரக்கக் கேட்கும். நுரையீரலுக்கு வெளியே நீர் கோத்திருந்தால், அதாவது எஃப்யூஷன் என்றால், குறையும்.

"எஃப்யூஷன் சார்!"

ரவுண்ட்ஸ் இப்போது கால் மணி நேரம் நீள்கிறது. வார்டு சிஸ்டர் முறைக்கிறார்.