மூக்கடைப்பு தீராததற்குக் காரணம் மருந்தேதான்

போன ஐப்பசி மழையில் சளி பிடித்தது. சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். எனக்குத்தான் பொறுமை இல்லை. மருந்துக்கடையில் ஆக்சிமெட்டாசொலின் என்ற மூக்கடைப்புச் சொட்டு மருந்தை வாங்கி மூக்கில் விட்டேன். சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொண்டது. ஆகா என்று 2 வாரம் விட்டுக்கொண்டே இருந்தேன். சளி போய்விட்டது, அடைப்பு மட்டும் போகவில்லை! சொட்டு விடாமல் தூக்கமே வராது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்த மருந்து மூக்கினுள் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். 3 முதல் 5 நாளுக்கு மேல் போட்டால், வேகம் இறங்கியதும் அவை முன்னைவிட வீங்கிக்கொள்ளுமாம்.

ஒரேயடியாக நிறுத்த முடியவில்லை. அவர் சொன்னபடி முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தினேன். 3 இரவு நரகம். அது சரியானதும் இடது பக்கம். இடையில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 250 மில்லியில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து மூக்கைக் கழுவினேன். அம்மாவின் மிளகு ரசம் வைரஸைக் கொல்லாது, ஆனாலும் குடிக்கும்போது மூக்கு ஒழுகிக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தை மாதம் மறுபடி சளி. உப்புத் தண்ணீர், ரசம், 8 நாள்.